மாத்தளை வீதியும் சாரதியின் கடமையும்

வீதி விபத்தைப் பற்றிய செய்திகள் நம் பத்திரிகைகளில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை போல் வருகின்றன. இன்ன ஊரில், இன்ன நேரத்தில், இன்ன வாகனம் பாதையை விட்டு விலகியது. இத்தனை பேர் மாண்டனர். சாரதியின் கவனயீனமே காரணமென நம்பப்படுகிறது. பொலிசார் மேலதிக விசாரணை நடத்துகின்றனர். மறுநாள் வேறோர் ஊரின் பெயர் அதே வாக்கியத்தில் வந்து அமர்கிறது. இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வீதியில் உயிரிழக்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கை, 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் மாண்டதாகக் கணக்கிடுகிறது. 5 வயது முதல் 29 வயது வரையுள்ளோரைக் கொல்லும் காரணங்களுள் முதலிடம் இதற்கே. இறந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்றவர்கள்.

‘கவனயீனம்’ என்ற அச்சொல் பொய்யல்ல. ஆனால் அது பாதி உண்மை. பாதி உண்மை பல வேளைகளில் முழு உண்மையை மறைப்பதற்கே பயன்படுகிறது. எந்த வீதியில், எத்தனை மணி நேரம் கண் விழித்தபின், யாருடைய அவசரத்துக்காக அந்தச் சாரதி ஓட்டினார் என்பதை அச்சொல் கேட்பதில்லை. அதே வேளையில், இக்கேள்விகளை எழுப்பும் நாம், சுக்கானைப் பிடித்த கையை மன்னித்துவிடவும் கூடாது. சமுதாயத்தின் குற்றத்தையும் தனிமனிதனின் கடமையையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்தாமல், இரண்டையும் சேர்த்தே நிறுத்துப் பார்ப்பதற்கு ஒரே வழி, வீதியின் வரலாற்றைப் படிப்பது. அதற்கு மாத்தளை மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இந்நாட்டில் அரிது.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலை, பலகடுவ மலைக் கணவாயைக் கடந்து மாத்தளை நகருக்கு இறங்கி, அளுவிகாரை, நாலந்தா, நாவுல வழியாகத் தம்புள்ளையை அடைகிறது. அங்கே குருநாகலிலிருந்து கலேவெல ஊடாகத் திருகோணமலைக்குச் செல்லும் ஏ-6 வீதி அதனைச் சந்திக்கிறது. மலைநாட்டின் ஈரமும் வன்னியின் வறட்சியும், தேயிலைத் தோட்டமும் குளத்து வயலும், யாத்திரிகரும் வியாபாரிகளும் உல்லாசப் பயணிகளும் கூடும் பாதை இது. இன்று காரின் கண்ணாடி வழியே பார்ப்பவருக்கு அது கருநிறத் தாரும் வெண்கோடும் மாத்திரமே. அத்தாருக்குக் கீழே வேறொரு கதை புதைந்து கிடக்கிறது.

1815 இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், மலைநாட்டைத் தம் பிடிக்குள் வைத்திருக்க வீதிகளை அமைத்தனர். முதலில் படை நடக்கவும், பின்னர் கோப்பி மூட்டைகள் துறைமுகத்துக்கு இறங்கவும் அவ்வீதிகள் தேவைப்பட்டன. தேசாதிபதி எட்வேர்ட் பான்ஸின் காலத்தில், 1820 களில், கொழும்பு - கண்டி வீதி எழுந்தது. பழைய மன்னராட்சியின் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தையே அவர் வீதி வேலைக்குத் திருப்பிக்கொண்டார். 1832 இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. ஆயினும் பதினாறு ஆண்டுகளுக்குள், டொரிங்டன் பிரபுவின் ஆட்சியில், அது வேறு வேடத்தில் திரும்பி வந்தது. 1848 இன் வீதிச் சட்டம், வயது வந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதியில் கூலியின்றி உழைக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் செலுத்த வேண்டும் என்று விதித்தது. தொடக்கத்தில் பௌத்த பிக்குகளுக்குக்கூட விலக்களிக்கப்படவில்லை. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்பனவும் கூடவே வந்தன. காடும் சேனையும் தோட்டத்துரைமாரின் உடைமையாகிக்கொண்டிருந்த காலம் அது. யாருக்காக இவ்வீதி என்ற கேள்விக்குக் கண்டிச் சீமை விவசாயி விடை அறிந்திருந்தான்.

அவ்விடை கிளர்ச்சியாக வெடித்தது. 1848 ஜூலை 26 ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். அங்கிருந்து தெற்கே திரண்டு வந்த மக்கள் மாத்தளையைக் கைப்பற்றினர். இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஆகஸ்ட் 8 ஆம் நாள் வீர புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சி அடக்கப்பட்டது, ஆனால் டொரிங்டனும் பதவியில் நிலைக்கவில்லை. வீதிக்கான ஆறு நாள் உழைப்போ, தலைவரி என்ற பெயரில், இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னரும் நீடித்தது. வரிப்பணத்தைக் கட்ட மறுத்து, வீதியோரத்தில் கல்லுடைத்துக் காட்டிய ஏ. ஈ. குணசிங்காவும் அவருடைய தோழர்களும் நடத்திய இயக்கத்தின் பின்னரே, 1920 களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. இன்று நாம் காரை ஓட்டிச் செல்லும் வீதி, காரே இல்லாதவர்களின் உழைப்பால் உருவானது என்பது உணர்ச்சி மிகுந்த மேடைப் பேச்சல்ல. அது சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட உண்மை.

இவ்வீதியின் முதற் பெரும் மரணங்களும் மோட்டார் வண்டியால் நேர்ந்தவை அல்ல. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து திரட்டப்பட்ட உழைப்பாளர், இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்ப் பகுதியில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். ஏறத்தாழ 150 மைல். வாந்திபேதி, காய்ச்சல், பசி, தாகம் என்பவை வழிநெடுகக் காத்திருந்தன. விழுந்தவர்களுக்காகக் கூட்டம் நிற்கவில்லை, நிற்க விடவில்லை. கங்காணியின் கடன் கணக்கும், தோட்டத்தின் அறுவடைக் காலமும் அவர்களுடைய நடையின் வேகத்தை முடிவு செய்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வழியே மாண்டவர்களின் தொகை பல்லாயிரம். மாத்தளை நகரில் இன்று ஓங்கி நிற்கும் முத்துமாரியம்மன் கோயில், நோயிலிருந்து காக்கும் தாயை அம்மக்கள் தம்மோடு நடத்திக் கொண்டுவந்ததன் சான்று.

இந்தப் பழைய துயரத்தை இங்கு நினைவூட்டுவதற்கு ஒரு காரணமுண்டு. வீதியில் ஒருவர் எவ்வளவு விரைவாகச் செல்ல வேண்டும் என்பதைச் செல்பவர் அல்லாத இன்னொருவர் தீர்மானிக்கும்போது, வீதி கொலைக்களமாகிறது. அன்று கங்காணியின் துண்டு தீர்மானித்தது. இன்று எது தீர்மானிக்கிறது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

1880 இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. 1914 இல் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டது. கோப்பி நோயால் அழிந்து, தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் மாத்தளை மலைகளில் இடம்பிடித்தன. வீதியோ, தவளமாட்டுக்கும் கட்டை வண்டிக்கும் நடைக்கும் அமைந்த அளவிலேயே இருந்தது. அவ்வீதியின் மீதுதான் மோட்டார் கார் வந்து இறங்கியது. இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் 1904 இல் அமைக்கப்பட்டது என்பதிலிருந்தே, காரின் உடைமையாளர் எவ்வளவு விரைவில் தம்மை ஒரு வகுப்பாக ஒழுங்கு செய்துகொண்டனர் என்பது விளங்கும். நடப்போருக்குச் சங்கம் இருக்கவில்லை. மலையின் மடிப்பையொட்டி வளைந்த பாதை, நடைபாதையற்ற ஓரம், பாதையை முட்டி நின்ற கடைத்தெரு என்பவை அப்படியே இருக்க, வேகம் மட்டும் பலமடங்காகியது. நம் வீதிகளின் ஆபத்துகளில் பெரும்பகுதி இந்தப் பொருந்தாமையிலிருந்தே பிறந்தது.

வேறு நாடுகளிலும் கதை இதுவே. 1896 ஆகஸ்ட் 17 ஆம் நாள் லண்டனில், கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில், பிரிஜெட் டிரிஸ்கல் என்ற பெண் கார் மோதி இறந்தார். பிரிட்டனில் காரால் கொல்லப்பட்ட முதற் பாதசாரி அவர். இத்தகைய நிகழ்ச்சி இனி ஒருபோதும் நேராதென நம்புவதாக மரண விசாரணை அதிகாரி கூறினார். அந்நம்பிக்கைக்கு என்ன நேர்ந்தது என்பதை உலகமறியும். 1920 களில் அமெரிக்க நகரங்களில் குழந்தைகள் கார்களின் கீழ் விழுந்து மாண்டபோது, மக்களின் சினம் முதலில் காரின் மீதே திரும்பியது. கார் வியாபாரிகளும் அவர்களுடைய சங்கங்களும் வாளாவிருக்கவில்லை. வீதியைத் தம் விருப்பப்படி கடப்பவரை நாகரிகமறியாப் பட்டிக்காட்டான் என எள்ளும் ‘ஜேவோக்கர்’ என்ற பட்டத்தைப் பத்திரிகைகளிலும் பாடசாலைகளிலும் பரப்பினர். சில ஆண்டுகளுக்குள், அதுவரை அனைவருக்கும் பொதுவாயிருந்த வீதி காருக்குரியதாயிற்று. நடப்பவர் அத்துமீறி நுழைந்தவரானார். மோதியவரிடம் கேட்க வேண்டிய கேள்வி மோதப்பட்டவரிடம் கேட்கப்படலாயிற்று.

நம் நாட்டில் சாதாரண மக்களுக்கு மோட்டார் யுகம் வந்தது காரில் அல்ல, பஸ்ஸில். தனியார் பஸ் உடைமையாளர் ஒரே வழியில் பயணிகளுக்காகப் போட்டியிட்டு ஓடிய நிலையைக் கட்டுப்படுத்த 1942 இல் அனுமதிச் சட்டம் வந்தது. மோட்டார் வாகனப் போக்குவரத்துக்கான விரிவான சட்டம் 1951 இன் 14 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. பல திருத்தங்களோடு இன்றும் அடிப்படைச் சட்டம் அதுவே. 1958 ஜனவரி முதலாம் நாள் பஸ் சேவை தேசியமயமாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. மாதச் சம்பளமும் வரையறுத்த வேலை நேரமும் பெற்ற சாரதிக்கு, முன்னே செல்லும் பஸ்ஸை முந்தியே தீர வேண்டிய தேவை இல்லை. தேசியமயமாக்கலின் குறைகள் பல என்பது உண்மையே. எனினும், சாரதியின் வேகத்துக்கும் அவருடைய கூலிக்கும் இடையிலான முடிச்சை அது அவிழ்த்தது என்ற ஒன்றை மறுப்பதற்கில்லை. 1970 களின் இறுதியில் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது அம்முடிச்சு மறுபடியும் விழுந்தது. நாளின் வசூலே சாரதிக்கும் நடத்துநருக்கும் கூலியாகும் இடத்தில், அடுத்த தரிப்பில் நிற்கும் பயணிக்காக வளைவில் முந்துவது பைத்தியக்காரத்தனமல்ல, அது பிழைப்பாகிவிடுகிறது.

தம்புள்ளையில் 1999 இல் பொருளாதார மத்திய நிலையம் தொடங்கிய பின், இரவு வீதியின் முகமே மாறியது. மலைநாட்டிலிருந்தும் வடக்குக் கிழக்கிலிருந்தும் மரக்கறி ஏற்றிய லொறிகள் அங்கே வந்து, விடியுமுன் நாட்டின் சந்தைகளுக்குப் பிரிகின்றன. வாடிய காய்க்கு விலையில்லை. ஆகவே சாரதிக்கு உறக்கமில்லை. சீகிரியாவுக்கும் தம்புள்ளைக் குகைக் கோயிலுக்கும் உல்லாசப் பயணிகளைக் கொண்டுசெல்லும் வாடகை வண்டிச் சாரதி, அதிகாலை விமான நிலையத்திலிருந்து புறப்பட்டு, பகல் முழுவதும் ஓட்டி, இரவிலும் ஓட்டுகிறார். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் கொண்டவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகிறது என்று 1997 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியான ஆய்வு காட்டியது. குடித்தவரைப் பிடிக்கக் கருவி உண்டு. உறங்காதவரைப் பிடிக்கக் கருவி இல்லை. கங்காணியின் துண்டு மறைந்தாலும், பிறருடைய இலாபம் இன்னும் பலருடைய வேகத்தை முடிவு செய்துகொண்டே இருக்கிறது.

ஆகவே பாதுகாப்பு என்பது சாரதியின் சாமர்த்தியத்தால் கிடைத்த வரமன்று. அது சட்டத்தாலும் அறிவியலாலும் மக்களின் போராட்டத்தாலும் படிப்படியாக வெல்லப்பட்டது. 1959 இல் சுவீடனின் வொல்வோ தொழிற்சாலையில் நீல்ஸ் போலின் என்ற பொறியியலாளர் மூன்று முனை ஆசனப்பட்டியை அமைத்தார். அதன் காப்புரிமையை அந்நிறுவனம் மற்றோருக்கும் திறந்துவிட்டது. 1965 இல் ரால்ப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர், அமெரிக்கக் கார்கள் அமைப்பிலேயே ஆபத்தானவை என்று நூலெழுதினார். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் அவரைப் பின்தொடரத் துப்பறிவோரை ஏவியது அம்பலமாகி, அதன் தலைவர் செனற் குழுவின் முன்னே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 1966 இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1997 இல் சுவீடன் பாராளுமன்றம், வீதியில் ஒரு மரணமும் ஏற்கத்தக்கதல்ல என்ற கொள்கையை வகுத்தது. மனிதன் தவறு செய்வான். அத்தவறு மரணமாக முடியாதவாறு வீதியும் வாகனமும் அமைய வேண்டும் என்பதே அதன் சாரம். இலங்கையில் முன்னாசனத்தில் இருப்போர் பட்டி அணிவது 2011 இல் கட்டாயமாயிற்று.

இவ்வளவும் கூறியபின் ஒரு தோழர் கேட்கலாம்: குற்றமெல்லாம் வரலாற்றினதும் அமைப்பினதும் என்றால், சாரதி செய்யத்தக்கது என்ன? அமைப்பு மாறும்வரை காத்திருப்பதா? இக்கேள்விக்கு நேர்மையான விடை வேண்டும். காரை ஓட்டுபவர், நடப்பவரின் முன்னிலையில், ஓர் அதிகாரத்தை ஏந்தியவர். ஒரு டன்னுக்கும் மேற்பட்ட இரும்பு அவருடைய பாதத்தின் கீழ் உள்ளது. அதிகாரத்தைக் கேள்வி கேட்கக் கற்றவர்கள், தம் கையிலுள்ள அதிகாரத்தையும் கேள்வி கேட்கக் கடமைப்பட்டவர்கள். ஆசிரியரும் அலுவலரும் மாணவரும் இன்று காரோட்டும் வகுப்பில் சேர்ந்துவிட்டோம் என்பதை நாம் மறக்கலாகாது. மாத்தளையின் பாதைகளிலே அக்கடமை எவ்வாறு உருக்கொள்கிறது என்பதைப் பார்ப்போம்.

பலகடுவையிலிருந்து மாத்தளைக்கு இறங்கும்போது, அல்லது எல்கடுவ மலையிலிருந்து வரும்போது, காரைக் காப்பது பிரேக் மட்டுமல்ல, கியரும்தான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை இடையறாது மிதித்தால் அது சூடேறி, தேவைப்படும் கணத்தில் பிடிக்காமற் போகும். எந்தக் கியரில் அம்மலையை ஏற வேண்டுமோ, ஏறத்தாழ அதே கியரில் இறங்குவது பழஞ் சாரதிகளின் பாடம். எரிபொருளை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் கியரை விடுவித்து வண்டியை உருளவிடுவோர், சில துளிப் பெற்றோலுக்கு உயிரைப் பணயம் வைக்கின்றனர். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாத இடத்தில் முந்துவதில்லை என்பதை விதியாகவன்றிச் சத்தியமாகவே கொள்ள வேண்டும். ஒடுங்கிய தோட்டப் பாதையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிடுவது, மலைநாட்டின் நெடுநாள் மரியாதை. ஏற்றத்தில் நின்ற வண்டி மீண்டும் புறப்படுவதன் சிரமத்தை அறிந்தோர் வகுத்த மரியாதை அது.

மாத்தளை நகரின் திருகோணமலை வீதி, பெயரே கூறுவது போல், தூர தேசத்துக்கான பாதை. அதே வேளை கடைத்தெருவும் அதுவே. பாடசாலை விடும் வேளையில் பிள்ளைகளும், தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்த பெண்களும், முச்சக்கர வண்டிகளும், தரித்த லொறிக்குப் பின்னாலிருந்து திடீரென வெளிப்படும் முதியவரும் அங்கே உண்டு. குடியிருப்புப் பகுதியில் காருக்கு மணிக்கு 50 கி.மீ., வெளியே 70 கி.மீ. என்பது சட்டத்தின் உச்ச எல்லை. ஓட்டியே தீர வேண்டிய வேகமல்ல. 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றரைக் கடக்கிறது. பிள்ளையைக் கண்டு, கால் பிரேக்கைத் தொடுமுன்னரே அத்தூரம் கழிந்துவிடும். மஞ்சட் கடவையில் காலெடுத்து வைத்தவருக்காக நிற்பது சாரதியின் தயவல்ல. அவருடைய உரிமையை ஒப்புக்கொள்வது.

நாலந்தாவைக் கடந்து நாவுல, லெனதொர வழியாகத் தம்புள்ளையை நோக்கிச் செல்கையில் மலை விலகி, பாதை நேராகிறது. மலையில் அஞ்சி ஓட்டியவர் இங்கே அச்சம் நீங்குகிறார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. 50 இலிருந்து 70 ஆக வேகம் உயரும்போது, பிரேக் பிடித்தபின் கார் ஓடி நிற்கும் தூரம் ஏறத்தாழ இருமடங்காகிறது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் மரண விபத்தின் ஆபத்து நான்கு சதவீதம் கூடுகிறதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வேகத்தைப் பத்துக் கி.மீ. குறைத்தால் மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்வதில் இழப்பது சில நிமிடங்கள் மாத்திரம். கைத்தொலைபேசியில் ஒரு செய்தியைப் பார்க்க இரு வினாடி கண்ணை எடுத்தால், 60 கி.மீ. வேகத்தில் 33 மீற்றர் தூரம் குருடராக ஓட்டியவர் ஆகிறோம். தொலைபேசியில் பேசியபடி ஓட்டுவது விபத்தின் வாய்ப்பை ஏறத்தாழ நான்கு மடங்காக்குகிறது.

இரவில், தம்புள்ளை, இனாமலுவ, சீகிரியாப் பகுதிகளில், யானைகளின் பாதையை நம் வீதிகளே குறுக்கறுக்கின்றன. கரிய உடல் கரிய இரவில் கண்ணுக்குப் புலப்படும்போது தூரம் மிகக் குறைந்திருக்கும். வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே இரவுக்குரிய வேகம். யானையைக் கண்டால் எட்டவே நிறுத்தி, ஒலியெழுப்பாமலும் வெளிச்சத்தால் சீண்டாமலும் அது விலகும்வரை காத்திருக்க வேண்டும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாது முகப்பு விளக்கைத் தாழ்த்துவதும், பின்புற வெளிச்சமற்ற சைக்கிளோ கை உழவு இயந்திரமோ முன்னே செல்லக்கூடும் என்று எதிர்பார்ப்பதும் இரவுச் சாரதியின் ஒழுக்கம். கண்ணிமை கனக்கும்போது பாட்டொலியும் யன்னற் காற்றும் உதவா. வண்டியை ஓரங்கட்டிச் சிறிது உறங்குவதே மருந்து. முன்னே செல்லும் லொறியின் சாரதி உறங்கியிருக்கமாட்டார் என்ற நினைவோடு, அவருக்கும் சேர்த்து இடைவெளி விடுவது அறிவுடைமை.

ரத்தொட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் வழியாக லக்கலைக்கு ஏறும் பாதையில் பகை வேறு: பனிமூட்டமும் வழுக்கும் தாரும் சரியும் மண்ணும். மூடுபனியில் உயர் வெளிச்சம் பனியையே ஒளிரச் செய்து பாதையை மறைக்கும். தாழ் வெளிச்சமே உதவும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த பெருமழையில் மாத்தளை மாவட்டமும் மண்சரிவால் உயிர்களை இழந்தது, பாதைகள் துண்டிக்கப்பட்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்த நாளில் பயணத்தை ஒத்திவைப்பதும், வெள்ளம் மூடிய சப்பாத்துப் பாலத்தின் ஆழத்தைக் காரால் அளந்து பார்க்காதிருப்பதும் கோழைத்தனமல்ல.

வாகனத்தின் நிலையிலும் வரலாறு புகுந்திருக்கிறது. 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2022 இன் பொருளாதார வீழ்ச்சியில் உதிரிப் பாகங்களின் விலை நடுத்தர வகுப்பாரின் கைக்கெட்டாததாயிற்று. தேய்ந்த டயரோடும் பழுத்த பிரேக்கோடும் ஓடும் கார்கள் அக்காலத்தின் எச்சம். இது சாரதியின் குற்றமல்ல. ஆனால் தேய்ந்த டயர் மழையில் வழுக்குகையில் காரணம் கேட்டு நிற்காது. பணம் முழுவதும் இல்லாதபோது, அலங்காரத்துக்கு முன் டயரும் பிரேக்கும் துடைப்பானும் என்ற வரிசையை நாமே வகுத்துக்கொள்ளலாம்.

ஆசனப்பட்டி பற்றி ஒரு வார்த்தை. 50 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறத்தாழ பத்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். முன்னாசனத்தில் இருப்பவரின் மரண ஆபத்தைப் பட்டி ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. சட்டம் முன்னாசனத்தோடு தொடங்கியது என்பதற்காக, பின்னே இருக்கும் தாய்க்கும் பாட்டிக்கும் இயற்கையின் விதி விலக்களிப்பதில்லை. மடியில் வைத்த குழந்தையை எந்தத் தாயின் கரமும் அவ்வேளையில் தாங்காது. மதுவைப் பொறுத்தவரை, 100 மில்லி லீற்றர் இரத்தத்தில் 80 மில்லி கிராம் என்பது நம் சட்டத்தின் எல்லை. ஆனால் அதற்கு வெகு கீழேயே கண்ணும் கையும் தடுமாறத் தொடங்கிவிடுகின்றன. திருமண வீட்டில் ‘ஒன்றுதானே’ என்று ஊற்றிக் கொடுப்பவர் சாரதியின் நண்பரல்லர்.

ஆசிரியர்களே, மாணவர்களே, 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பரீட்சைக்காகப் படிக்கிறோம். அதே வீதியில் பாடசாலைக்கு நடக்கும் பிள்ளைக்கு நடைபாதை உண்டா என்று பார்ப்பதில்லை. உங்கள் பாடசாலை வாயிலில் ஒரு வாரம் நின்று, எத்தனை வாகனங்கள் கடவையில் நிற்கின்றன, எத்தனை நிற்காமற் செல்கின்றன என்று மாணவர்களைக் கொண்டு எண்ணிப் பாருங்கள். அக்கணக்கைப் பிரதேச சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் கொண்டுசெல்லுங்கள். நடைபாதையும் வெளிச்சமும் வேகத்தடையும் கேளுங்கள். பஸ், லொறிச் சாரதிகளுக்கு வரையறுத்த வேலை நேரமும் வசூலைச் சாராத சம்பளமும் வேண்டுமென்ற தொழிற்சங்கக் கோரிக்கை, பயணிகளின் உயிருக்கான கோரிக்கையும் ஆகும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த விபத்துச் செய்தியில் ‘கவனயீனம்’ என்று வாசிக்கும்போது, அச்சாரதி எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று எழுதுமாறு பத்திரிகைகளைக் கேளுங்கள்.

இக்கோரிக்கைகள் நிறைவேற ஆண்டுகள் பல ஆகலாம். வேகமுள்ளின் கணக்கு அவ்வளவு காலம் காத்திராது. நாளைக் காலை மாத்தளைத் திருகோணமலை வீதியில், புத்தகப்பையோடு ஒரு தோட்டத்துப் பிள்ளை கடவையின் ஓரத்தில் வந்து நிற்கும். அப்பிள்ளையின் முன்னோர் இவ்வழியே நடந்து வந்தனர். அவ்வீதிக்குக் கல்லுடைத்தோரின் பேரப்பிள்ளைகளும் அருகே நிற்பர். அவர்கள் கடந்து முடியும்வரை காரை நிறுத்தி வைப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.